பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருடம், ஏற்காடு: பிளேஸ்மென்ட்டில் சேல்ஸ் வேலைதான் வருகிறது, என்ன செய்யலாம்?

மலைப்பாதை20
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மூன்றாம் வருடம் படிக்கிறேன். வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அப்பா எஸ்டேட் வேலை, சொந்தமாகக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான், அதனால் அடுத்து என்ன செய்வது என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது, அவர்கள்தான் என்னைக் கேட்கிறார்கள்.

இந்த வருடம் கல்லூரிக்கு நான்கு கம்பெனி வந்தது. ஒன்று டெலிகாலிங், இரண்டு லோன் கலெக்‌ஷன், இன்னொன்று இன்சூரன்ஸ் சேல்ஸ். நான்கிலும் முதல் கேள்வி "பைக் இருக்கா?" என்பதுதான். மூன்று வருடம் ஆசிட் வாசனையில் நின்றவனை பைக் இருக்கா என்று கேட்டால் என்ன சொல்வது? கேரியர் கவுன்சலிங் என்று ஒரு நாள் வைத்தார்கள். செமினார் ஹாலில் 300 பேர். வந்தவர் இரண்டு மணி நேரம் கழுகு கதை, கேரட் முட்டை காப்பித்தூள் கதை எல்லாம் சொன்னார், கடைசியில் எல்லோரையும் எழுந்து நின்று "என்னால் முடியும்" என்று கத்தச் சொன்னார். கத்தினோம். வெளியே வந்தால் எந்தக் கம்பெனிக்கு எப்படி எழுதுவது என்பது அப்போதும் தெரியவில்லை.

மார்க் 71 சதவீதம், அரியர் இல்லை. பள்ளி முழுக்கத் தமிழ் வழி. இங்கிலீஷ் படித்தால் புரியும், பேச வராது. எம்.எஸ்சி. சேரலாமா, டி.என்.பி.எஸ்.சி. படிக்கலாமா, வேலைக்குப் போகலாமா? மெடிக்கல் கோடிங் நல்லது என்று ஒரு நண்பன் சொல்கிறான், அதற்குப் பயிற்சிக்கே பணம் கட்ட வேண்டுமாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குகைக்காரன்
ஞாயிறு, இரவு 9.58

தம்பி, அந்தக் காப்பித்தூள் கதையை ஏற்காட்டுப் பையனிடமே சொன்னார்களா? காப்பியைக் கொதிக்க வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார்.

என் காலத்திலும் இதே ஹால், இதே கழுகு. நான் இப்போது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன், படித்தது ஜுவாலஜி. என்னிடம் அறிவுரை கேட்காதே. ஆனால் இழையை விடாமல் படிக்கிறேன், என் தங்கை மகள் அடுத்த வருடம் முடிக்கிறாள்.


தறிச்சத்தம்
ஞாயிறு, இரவு 10.35

தம்பி, நேராகச் சொல்கிறேன், இன்றைக்கே குரூப் 4 படிக்க ஆரம்பி. தகுதி பத்தாம் வகுப்புதான். ஒரே தேர்வு, மெயின்ஸ் கிடையாது, இன்டர்வியூ கிடையாது. 200 கேள்வியில் 100 தமிழ், அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மீதியைத் திருத்துவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. நீ ஒன்றாம் வகுப்பு முதல் பத்து வரை தமிழ் வழி என்றால் அந்த 20 சதவீத ஒதுக்கீடும் உண்டு, பள்ளியில் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வை, கடைசி நேரத்தில் தலைமையாசிரியர் லீவு என்பார்கள்.

நான் இளம்பிள்ளை. அப்பா தறி. நான்கு வருடமாக எழுதுகிறேன், போன முறை ஒன்றரை மார்க்கில் போனது. பிரைவேட் வேலைக்குப் போன என் நண்பர்கள் எல்லாம் 30 வயதில் டார்கெட் டார்கெட் என்று முடி கொட்டி நிற்கிறார்கள். அரசு வேலை கிடைத்தால் வீட்டில் மரியாதையே வேறு. கோச்சிங்குக்குப் பணம் இல்லை என்றால் கவலை வேண்டாம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது, வகுப்பு இலவசம்.


பிப்பெட்_அக்கா
திங்கள், காலை 6.15

நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நானும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிதான், அரசு கல்லூரி, தமிழ் வழி. ஓசூரில் ஒரு மருந்து கம்பெனியில் மூன்று வருடம் க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) லேப், இப்போது மேட்டூர் பக்கம் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் லேப். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உன் பட்டத்துக்கு வேலை இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. உங்கள் கல்லூரி வாசலுக்கு வருகிற வேலையில்தான் அது இல்லை.

சேலத்தைச் சுற்றி லேப் வைத்திருக்கும் இடங்களை எண்ணிப் பார். மேட்டூரில் கெமிக்கல் ஆலைகள், அனல்மின் நிலையம் (அங்கே பாய்லர் தண்ணீரைச் சோதிக்காமல் ஒரு மணி நேரம் ஓட்ட முடியாது). சேலம் ஸ்டீல் பிளான்ட், பொட்டனேரியில் இன்னொரு ஸ்டீல் ஆலை. கருப்பூர் பக்கம் மேக்னசைட், அதை வைத்து உலைக்கல் செய்கிறவர்கள். ஆத்தூர், தலைவாசல் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள், அந்த ஜவ்வரிசியை விற்றுக் கொடுக்க சேலத்தில் சேகோசர்வ், அங்கேயும் தரம் பார்த்துத்தான் விற்பனை. பால் பண்ணை, சாயப்பட்டறை, குடிநீர் பாட்டில் கம்பெனி. எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் ப்யூரெட்டை (கரைசலை அளந்து சொட்டு விடும் கண்ணாடிக் குழாய்) பிடித்து நிற்கிறார். அந்த ஆள் பெரும்பாலும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி.

இன்டர்வியூவில் கழுகு கதை கேட்க மாட்டார்கள். என்னிடம் கேட்டதைச் சொல்கிறேன். மொலாரிட்டிக்கும் நார்மாலிட்டிக்கும் என்ன வித்தியாசம். பிரைமரி ஸ்டாண்டர்ட் என்றால் என்ன, ஒரு உதாரணம். தண்ணீரின் கடினத்தன்மையை எப்படிப் பார்ப்பாய், ஏன் பஃபர் போட்டு பி.ஹெச். 10-ல் வைக்கிறாய், எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாறும். அடர் ஆசிட்டை நீர்க்க வைக்கும்போது எதில் எதை ஊற்றுவாய். பிறகு ஒரு கேள்வி, இதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்: நீ செய்த டெஸ்டில் ரிசல்ட் வரம்புக்கு வெளியே வந்தால் என்ன செய்வாய்? "திரும்பச் செய்வேன் சார்" என்று சொன்னால் அங்கேயே காலி. சாம்பிளைக் கீழே கொட்டாமல் அப்படியே வைத்து சூப்பர்வைசரிடம் சொல்வேன் என்பதுதான் பதில். நோட்டில் தப்பாக எழுதினால் ஒயிட்னர் அடிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். இது தெரிந்த ஃப்ரெஷர் வந்தால் எங்கள் மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

இங்கிலீஷ் பற்றிப் பயப்படாதே. லேப்பில் பேசுகிற இங்கிலீஷ் 200 வார்த்தைகூட இருக்காது. எழுதுகிற இங்கிலீஷ்தான் முக்கியம்.

மெடிக்கல் கோடிங் மோசமான வேலை இல்லை, என் தோழி செய்கிறாள், நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடுகிற வேலை. ஆனால் உடற்கூறு படிப்பதற்கு உனக்கு ஆசை இருக்கிறதா என்று முதலில் பார். வேலையே உறுதி என்று சொல்லிப் பயிற்சிக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்கும் இடத்துக்குப் போகாதே. உன் ரெஸ்யூமை இங்கே போடு, பெயரும் போன் நம்பரும் எடுத்துவிட்டு.


மலைப்பாதை20
திங்கள், மாலை 7.20

அக்கா, ரொம்ப நன்றி. பஃபர் கேள்விக்கு எனக்கு விடை தெரியும் (ஒயின் சிவப்பிலிருந்து நீலம்), ஆனால் ஏன் 10 என்பது தெரியாது என்று இப்போதுதான் தெரிகிறது.

ரெஸ்யூம் போடவே வெட்கமாக இருக்கிறது. டிபார்ட்மென்ட்டில் சீனியர் கொடுத்த மாடலில் பெயரை மட்டும் மாற்றியது. முதல் வரி: "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் குறிக்கோள்." பிறகு மார்க். பிறகு பலங்கள்: கடின உழைப்பு, நேர்மை, குழு மனப்பான்மை. பொழுதுபோக்கு: பாட்டு கேட்பது. புராஜெக்ட்: எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் கடினத்தன்மை ஒப்பீடு, ஐந்து இடத்தில் சாம்பிள் எடுத்தேன். அனுபவம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. லீவில் எஸ்டேட்டில் பல்பர் வீட்டில் (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் இடம்) நின்றிருக்கிறேன், பார்ச்மென்ட் (உமியோடு இருக்கும் காப்பிக்கொட்டை) காய்ந்ததா என்று ஃபார்லிட்டில் அளந்து எடை போடுவேன், அதெல்லாம் அனுபவம் இல்லையே.


கோரிமேடு_ரிட்டயர்ட்
திங்கள், இரவு 9.05

நான் ஒரு கல்லூரியில் வகுப்பும் எடுத்து, கூடவே பிளேஸ்மென்ட் பொறுப்பையும் பல வருடம் பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டு வாங்குகிற பக்கம் அதுதான்.

கலெக்‌ஷன் கம்பெனியும் டெலிகாலிங் கம்பெனியும் ஏன் கல்லூரிக்கு வருகின்றன? அவர்களுக்கு ஒரே நாளில் 40 பேர் வேண்டும், ஆறு மாதத்தில் 30 பேர் ஓடிவிடுவார்கள், திரும்பவும் 40 பேர் வேண்டும். அதனால் வருகிறார்கள். ஒரு ஜவ்வரிசி ஆலைக்கோ சின்ன கெமிக்கல் யூனிட்டுக்கோ வருடத்துக்கு ஒரு ஆள், மிஞ்சினால் இரண்டு. அதற்காக அவர் வேன் எடுத்துக்கொண்டு வந்து உங்கள் ஹாலில் தேர்வு வைப்பாரா? தன் லேப்பில் இருக்கும் பையனிடம் "உங்க காலேஜ்ல யாராச்சும் இருந்தா சொல்லுப்பா" என்பார். அவ்வளவுதான் அவருடைய விளம்பரம். அந்த "சொல்லுப்பா" எந்தக் காதில் விழுகிறது என்பதில்தான் வேலையே இருக்கிறது. கல்லூரிக்கோ மேலே கணக்குக் காட்ட எண்ணிக்கை வேண்டும், 40 பேர் எடுக்கிறவனைக் கும்பிட்டு வரவேற்கும், ஒரு ஆள் கேட்கிறவருக்குத் திரும்ப போன் செய்யக்கூட ஆள் இருக்காது. நானும் அதைச் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை.

பிறகு ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டேன். படித்து முடித்துப் போனவர்கள் எந்த ஊரில், எந்த லேப்பில், என்ன வேலை, போன் நம்பர். டி.சி. வாங்க வருகிற அன்றைக்கு ஒரு பக்கம், பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறபோது ஒரு பக்கம் எழுதி வாங்குவேன். நான் செய்ததில் உருப்படியானது அந்த நோட்டு ஒன்றுதான். நான் நடத்திய கவுன்சலிங் என்பது, ஒரு பையனை எதிரே உட்கார வைத்து, நோட்டைப் புரட்டி, "இவரிடம் பேசு" என்று போன் போட்டுக் கொடுப்பது. ஆளுக்கு 20 நிமிடம். ஹாலில் 300 பேருக்கு அதைச் செய்ய முடியாது, அதனால்தான் கழுகைக் கூப்பிடுகிறார்கள்.

தம்பி, உன் டிபார்ட்மென்ட்டில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று லேப் அட்டெண்டரிடம் கேள். ஹெச்.ஓ.டி.யிடம் கேட்காதே என்று சொல்லவில்லை, ஆனால் எந்த மாணவன் எங்கே இருக்கிறான் என்பது அட்டெண்டருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, பஸ்ஸில் நீ தினமும் தாண்டிப் போகிற இடம். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. பெயரிலேயே வழிகாட்டல் இருக்கிறது, ஜனங்கள் பதிவு எண் வாங்குகிற இடம் என்று மட்டும் நினைக்கிறார்கள். தனியார் வேலை முகாம் அங்கே நடக்கும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, கட்டணம் கிடையாது. அங்கேயும் சேல்ஸ் வேலை வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதவு தட்டுகிற பழக்கம் வரும். பட்டம் கையில் வந்ததும் பதிவு செய், மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க மறக்காதே.

அப்ரண்டிஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. என்.ஏ.டி.எஸ். என்று மத்திய அரசின் தளம் இருக்கிறது. முன்பு இன்ஜினியரிங், டிப்ளமோ பிள்ளைகள்தான் போவார்கள், இப்போது பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. எல்லோரும் போகலாம். ஒரு வருடப் பயிற்சி, 2019 விதித் திருத்தத்தில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ₹9,000 என்று வைத்தார்கள், கம்பெனி விரும்பினால் கூடவும் தரலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமெல்லாம் மொத்த ஆட்களில் 2.5 சதவீதமாவது அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனால் நீ போய்க் கேட்டால் அது பிச்சை கிடையாது. முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை, அதையும் தெரிந்துகொண்டு போ. வேறு எங்காவது ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டால் இதில் சேர முடியாது, ஆகவே படிப்பு முடித்த சூட்டோடு போக வேண்டும்.


சங்ககிரி_லாரி
திங்கள், இரவு 11.30

எல்லோரும் நல்லதைச் சொல்லிவிட்டீர்கள், நான் கெட்டதைச் சொல்கிறேன்.

நான் பி.காம். முடித்த வருடம் ஒரு கன்சல்டன்சி. ஏ.சி. ரூம், சுவரில் பெரிய கம்பெனிகளின் லோகோ, ரிசப்ஷனில் ஒரு பெண் "கங்கிராட்ஸ் சார்" என்றாள். ரெஜிஸ்ட்ரேஷன் ₹1,500, பிறகு பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், பிறகு லேப்டாப் டெபாசிட். அப்பா லாரி டிரைவர், மூன்றாவது முறை கேட்டபோது டீசல் காசிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மொத்தம் ₹38,000. ஆஃபர் லெட்டர் வந்தது, அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தால் அப்படி ஒரு வேலையே கிடையாது என்றார்கள். திரும்ப வந்தால் அந்த ஏ.சி. ரூமில் ஜவுளிக்கடை.

அடுத்த வருடம் வாட்ஸ்அப்பில் தாய்லாந்து டேட்டா என்ட்ரி, டிக்கெட்டும் அவர்களே என்றார்கள். ஒரு முறை சூடு பட்டதால் போகவில்லை. 2022-ல் அப்படித் தாய்லாந்து என்று போன நம் ஊர்ப் பையன்களை மியான்மரில் மியாவாடி பக்கம் அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்கள், அரசு தலையிட்டு மீட்டது செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வெளிநாடு என்றால் ஏஜென்ட்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் வெட்கப்பட்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எவன் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள், விட்டுவிட்டு வராதே.


ஐந்துரோடு_ஹெச்ஆர்
செவ்வாய், காலை 10.50

ஆபீஸ் நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக.

ரெஸ்யூமில் அந்தக் "குறிக்கோள்" வரியைத் தூக்கு. போன மாதம் எனக்கு 60 ரெஸ்யூம் வந்தது, எல்லோருக்கும் அதே சவாலான சூழல். கடவுளே, யாராவது சவால் இல்லாத சூழல் வேண்டும் என்று எழுத மாட்டார்களா என்று இருக்கிறது.

நான் ஃப்ரெஷரை எதில் கழிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பீர்கள். போன் எடுப்பதில்லை. பத்துப் பேருக்குக் கூப்பிட்டால் ஆறு பேர் தெரியாத நம்பர் என்று எடுப்பதில்லை, திரும்பவும் கூப்பிடுவதில்லை. தம்பி வீடு மலையில் என்றால் சிக்னல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏற்காட்டுக்கு எத்தனை முறை பைக்கில் வந்திருக்கிறேன், பாதிக் கொண்டை ஊசியில் டவரே இருக்காது. ஆகவே ரெஸ்யூமில் இரண்டாவது நம்பர் ஒன்று போடு, கீழே சேலத்தில் இருக்கிற நண்பன் நம்பரோ மாமா நம்பரோ, அவரிடம் சொல்லியும் வை. ஃபைல் பெயர் "ரெஸ்யூம் ஃபைனல் ஃபைனல் 3" என்று இருக்கக் கூடாது, உன் பெயரும் பாடமும் இருக்க வேண்டும். மெயிலில் வெறும் ஃபைலை அனுப்பாதே, மூன்று வரி எழுது: யார், என்ன தெரியும், எப்போதிலிருந்து வர முடியும்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்றால் "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்று சொல்லாதே. அப்படிச் சொல்கிறவனுக்கு நாங்கள் பார்த்துத்தான் கொடுப்போம்.


பிப்பெட்_அக்கா
செவ்வாய், மாலை 5.40

தம்பி, உன் பதிலைப் படித்துவிட்டு நேற்று பஸ்ஸில் சிரித்தேன். ஃபார்லிட்டில் அளப்பது அனுபவம் இல்லை என்று உனக்கு யார் சொன்னது?

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், ஃபார்லிட் என்பது 40 லிட்டர் அளவுப் பாத்திரம். அதில் பார்ச்மென்ட் காப்பியை நிரப்பி எடை போட்டால், ஈரம் இன்னும் இருந்தால் எடை கூடக் காட்டும், சரியாகக் காய்ந்தால் குறிப்பிட்ட எடையில் வந்து நிற்கும். அதாவது அளவு மாறாமல் எடையை வைத்து ஈரப்பதத்தை மதிப்பிடுகிறாய். தினமும் பார்த்து, எழுதி, போதும் என்று முடிவு சொல்லி, அதன் பேரில் மூட்டை கட்டுகிறார்கள். இதற்குப் பெயர்தான் க்யூ.சி. எங்கள் லேப்பில் மெஷின் இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதல் வரியாக இதை எழுது: "பி.எஸ்சி. வேதியியல், ஐந்து இடங்களின் நீர் மாதிரிகளில் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்திருக்கிறேன், காப்பி பதப்படுத்தும் இடத்தில் இரண்டு அறுவடைக் காலம் ஈரப்பதம் பார்த்திருக்கிறேன்." எத்தனை டைட்ரேஷன் என்று நோட்டைப் பார்த்து எண்ணிப் போடு. நேர்மை, கடின உழைப்பு எல்லாவற்றையும் அடி.

ஏன் 10 என்றால், அதைவிடக் குறைந்தால் ஈ.டி.டி.ஏ. (கடினத்தன்மையை அளக்க ப்யூரெட்டிலிருந்து விடுகிற கரைசல்) மெக்னீசியத்தைச் சரியாகப் பிடிக்காது, ரொம்ப ஏறினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகக் கீழே உட்கார்ந்துவிடும். இண்டிகேட்டரின் நிறமும் அந்த அளவில்தான் தெளிவாக மாறும். இப்படிச் சொன்னால் போதும்.

அப்புறம், எங்கேயும் பேசாத ஒன்று. காப்பி வாரியம் பெங்களூரில் காப்பித் தர மேலாண்மை என்று ஒரு வருட முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. வேதியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். சுவையும் மணமும் பிரித்தறிகிறாயா என்று நாக்கையும் மூக்கையும் சோதித்துத்தான் எடுப்பார்கள். முடித்தால் கப் டேஸ்டிங், ஏற்றுமதி கம்பெனி, ரோஸ்டரி என்று வழி இருக்கிறது. கெமிஸ்ட்ரியும் தெரிந்து காப்பிச் செடியும் தெரிந்த பிள்ளை அங்கே எத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கிறாய்? கட்டணத்தை விசாரித்துவிட்டு முடிவு செய். உடனே போக வேண்டாம், இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுக்கூடப் போகலாம்.

தறிச்சத்தம் தம்பி, கோபப்படாதே. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடம் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். வேலையை விட்டுவிட்டு இதை மட்டும் படி என்று ஒரு வீட்டின் முதல் பட்டதாரியிடம் சொல்வது சரியா?


தறிச்சத்தம்
செவ்வாய், இரவு 8.15

கோபம் எல்லாம் இல்லை அக்கா. அந்த 13 லட்சத்தில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறக்காமல் வருகிறவர்கள், அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஆனால் நீங்கள் சொல்வதும் புரிகிறது. நான்கு வருடம் சும்மா உட்கார்ந்து படித்தவன் அடுத்து எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் முதல் கேள்வி "இந்த நான்கு வருடம் என்ன செய்தாய்?" என்பதுதான், அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, இங்கே பெயர் இல்லாததால் சொல்கிறேன். போன மாதத்திலிருந்து காலையில் ஒரு ஜவுளிக் கடைக்கு ஜி.எஸ்.டி. பில் போடுகிறேன், மாலையில் படிப்பு.

மலைப்பாதை தம்பிக்கு ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நாகலூர் என்கிறாய், எஸ்.டி. சான்றிதழ் இருக்கிறதா? மாநில ஒதுக்கீடு 1 சதவீதம், மத்திய அரசில் 7.5 சதவீதம். நீ குரூப் 4 மட்டும் பார்க்காமல் ரயில்வே, எஸ்.எஸ்.சி., வங்கி எல்லாவற்றுக்கும் போடு. வங்கி கிளார்க் தேர்வு, ரயில்வே தேர்வு தமிழிலேயே எழுதலாம், எஸ்.எஸ்.சி. என்கிற மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் எம்.டி.எஸ். (பன்முகப் பணியாளர்) தேர்வும் 2023 முதல் தமிழில் வந்துவிட்டது. நம் ஊரே ரயில்வே கோட்டத் தலைமையிடம், 2007-ல் வந்தது, ஆனால் நம் பிள்ளைகள் ரயில்வே தேர்வு என்றால் வடநாட்டுக்காரர்களுக்கு என்று நினைத்து ஃபார்மே போடுவதில்லை.


கோரிமேடு_ரிட்டயர்ட்
செவ்வாய், இரவு 9.00

தறிச்சத்தம் சொன்னதில் ஒரு திருத்தம். 1 சதவீதம் என்றதும் பயப்பட வேண்டாம், மாநிலத்தில் பழங்குடியினர் மக்கள்தொகையே அந்த அளவுதான், அந்தப் பிரிவில் போட்டியிடுகிறவர்களும் குறைவு. இரண்டிலும் போடு.

சான்றிதழ் விஷயத்தில் கவனம். எஸ்.டி. சான்றிதழ் தாசில்தார் தருவது இல்லை, ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர் தருவது. மத்திய அரசுத் தேர்வுக்கு அவர்கள் கேட்கும் படிவத்தில் வேண்டும். வேலை கிடைத்த பிறகு இதற்காக அலைந்தவர்களை என் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன்.


மலைப்பாதை20
வெள்ளி, இரவு 8.50 (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். செமஸ்டர், அப்புறம் வீட்டில் மிளகு பறிப்பு.

நடந்ததைச் சொல்கிறேன். லேப் அட்டெண்டர் அண்ணாவிடம் கேட்டேன். நோட்டு இல்லை, ஆனால் அவர் போனில் 11 சீனியர்கள் நம்பர் இருந்தது. ஒவ்வொருவருக்கும் கூப்பிட்டேன், முதல் இரண்டு பேரிடம் என்ன பேசுவது என்றே தெரியாமல் வைத்துவிட்டேன். மூன்றாவது அக்கா தலைவாசல் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் லேப்பில் இருக்கிறார், அரை மணி நேரம் பேசினார். நான்கு பேர் எடுக்கவே இல்லை. இரண்டு பேர் தங்கள் லேப்பில் சொல்வதாகச் சொன்னார்கள்.

கோரிமேட்டில் இறங்கினேன். மூன்று வருடமாக அந்த ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது தூங்கியிருக்கிறேன். முகாமில் ஏழெட்டு கம்பெனி, ஐந்து சேல்ஸ். அதில் ஒருவர் பைக் இருக்கா என்று கேட்டார், "இல்லை சார், ப்யூரெட் இருக்கு" என்று வாயில் வந்துவிட்டது, அவர் சிரித்துவிட்டு பக்கத்து மேஜையைக் காட்டினார். அங்கே ஒரு குடிநீர் கம்பெனி, லேப் அசிஸ்டென்ட், சம்பளம் ₹11,500 என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன்.

ரெஸ்யூம் அக்கா சொன்னபடி மாற்றி 23 இடத்துக்கு அனுப்பினேன், மூன்று பதில். ஒன்று மேட்டூர், அப்ரண்டிஸ், திங்கள்கிழமை காலை 9 மணிக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். என் நம்பருக்குத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார்கள், சிக்னல் இல்லை, மாமா நம்பருக்கு வந்தது. ஹெச்.ஆர். அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

சான்றிதழ் அப்பாவுடையது இருக்கிறது, என்னுடையதற்கு மனு போட்டிருக்கிறேன். காப்பி டிப்ளமோ பற்றி அப்பாவிடம் சொன்னேன். "காப்பி குடிக்கிறதுக்குப் படிப்பா?" என்று கேட்டார். ஆனால் அன்றைக்கு இரவு நாங்கள் காய வைத்த மூன்று தட்டிலிருந்தும் எடுத்து வறுத்து, தனித்தனியாகப் போட்டுக் கொடுத்து, எது எந்தத் தட்டு சொல் பார்க்கலாம் என்றார். இரண்டு சரியாகச் சொன்னேன்.


குகைக்காரன்
வெள்ளி, இரவு 9.02

மூன்றில் இரண்டு சரி என்றால் மூன்றாவதும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? கணக்கு எழுதுகிறவனை ஏமாற்றாதே தம்பி.


மலைப்பாதை20
வெள்ளி, இரவு 9.06

அண்ணா, மூன்றாவது கப்பில் அப்பா கடைக் காப்பித்தூளைப் போட்டுவிட்டார்.


ஐந்துரோடு_ஹெச்ஆர்
வெள்ளி, இரவு 9.20

திங்கள் 9 மணிக்கு மேட்டூர் என்றால் அன்றைக்கு மலையிலிருந்து கிளம்பி வந்து சேர முடியாது. ஞாயிறே இறங்கிவிடு. குடிநீர் கம்பெனிக்கும் போன் செய்து ஒரு வாரம் டைம் கேள், பதில் சொல்லாமல் மட்டும் விடாதே.


மலைப்பாதை20
வெள்ளி, இரவு 9.31

கன்னங்குறிச்சியில் மாமா வீட்டில் தங்குகிறேன் அண்ணா. அக்கா, லேப் கோட் எடுத்து வர வேண்டுமா? புது ஷூ வாங்க வேண்டுமா?


பிப்பெட்_அக்கா
சனி, காலை 6.20

ஷூ எல்லாம் வாங்காதே, இருப்பதைத் துடைத்துப் போடு, செருப்பு மட்டும் கூடாது, லேப்புக்குள் விட மாட்டார்கள். கோட் அவர்கள் தருவார்கள். உன் பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டை எடுத்து வா, ஒயிட்னர் அடித்த பக்கம் இருந்தால் அதைப் பற்றி நீயாகவே சொல்லிவிடு. மேட்டூர் பஸ்ஸுக்குப் புது பஸ் ஸ்டாண்ட் வந்துவிடு. சாப்பிட்டுவிட்டுப் போ, எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்று தெரியாது.